வேறு பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிற பெண்ணை அனுப்பலாமா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிப் பரிமாற்றுத் திட்டத்தில், பக்கத்து நகரத்தில் இருக்கும் பெரிய மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் சிலரை ஒரு நாள் அழைத்துப் போகிறார்கள். பட்டியலில் மகளின் பெயரும் இருக்கிறது. அது தெரிந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்தால் வயிற்று வலி. "சுற்றுலா என்றால் மகாபலிபுரம் போகலாம். பள்ளிக்கூடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கா சுற்றுலா?" என்று கேட்கிறாள். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதா, தலைமையாசிரியரைப் பார்த்துப் பெயரை எடுத்துவிடச் சொல்வதா?

கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன். ஆனால் இன்றைக்கே போட வேண்டாம். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, அதற்குள் அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகவும், பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்வது, பிள்ளைகளோடு வேனில் போவது, திரும்பி வந்து புகைப்படத்தோடு அறிக்கை அனுப்புவது எல்லாம் என் வேலையாக இருந்தது. அறிக்கையில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மகளின் கிண்டலில் நியாயம் இருக்கிறது. மகாபலிபுரத்தில் நாம் கல் யானையைப் பார்ப்போம். கல் யானை நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு பள்ளிக்குப் போனால் பார்க்கப் போகிறோம் என்பது பெயருக்குத்தான். வேனை விட்டு இறங்கியதும் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைக்கும். நம் செருப்பை, நம் பையை, எண்ணெய் வைத்த தலையை, நாம் பேசுகிற தமிழை எல்லாம் ஒரு பள்ளிக்கூடமே நின்று பார்க்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இது விளையாட்டுக் காரியமா? பெரியவர்கள் நாமே பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் கூடியிருக்கும் கூடத்தில் முதல் ஆளாக நுழையத் தயங்குகிறோம்.

திட்டத்தின் நோக்கம் நல்லதுதான். 2018இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இடைநிலைக் கல்வி இயக்கத்தையும் ஒன்றாக்கி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று பெயர் வைத்தார்கள். பள்ளிகளை இணை சேர்த்துவிடும் இந்த ஏற்பாடு அதற்கு முன்பிருந்தே நடந்து வருகிறது. ஆய்வகமும் பெரிய நூலகமும் இல்லாத பள்ளியின் பிள்ளைகள் அவை இருக்கும் பள்ளிக்குப் போவார்கள். நகரத்துப் பிள்ளைகள் பதிலுக்குக் கிராமத்துப் பள்ளிக்கு வந்து வயலையும் ஏரியையும் பார்ப்பார்கள். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் அந்த ஒரு நாளை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வயிற்று வலி. "ஏன் போகமாட்டேன் என்கிறாய்?" என்று நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டால் இந்த வயதில் பதில் வராது. "பிடிக்கவில்லை" என்ற ஒரே வார்த்தையோடு கதவு சாத்திக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும்போதோ தலை பின்னிவிடும்போதோ, முகம் பார்க்காமல், அன்றைய நாளை வரிசையாகக் கேளுங்கள். வேனில் யார் பக்கத்தில் உட்காருவாய்? மதியச் சாப்பாடு அங்கேயா? கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் கேட்பாய்? எந்தக் கேள்வியில் பேச்சு நிற்கிறதோ அங்கேதான் முள் இருக்கிறது.

நான் கண்டவரை, பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் அந்தக் கழிப்பறைக் கேள்வியில்தான் நிற்கும். பழக்கமில்லாத இடம், தாழ்ப்பாள் இருக்குமா, தண்ணீர் வருமா தெரியாது, கேட்பதற்கு அங்கே தெரிந்த டீச்சர் இல்லை. மாதவிலக்குத் தொடங்கிய வயது வேறு. உடன் வருவது ஆண் ஆசிரியர் மட்டும் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பெண் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். இதைப் பிடிவாதம் என்று திட்டுவது பாவம். பள்ளிக்குப் போய், "உடன் ஆசிரியை யார் வருகிறார்?" என்று கேளுங்கள். ஆசிரியை இல்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாயாவது வேனில் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட அந்தக் குழு கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்தது வாந்தி. சிரிக்காதீர்கள். சென்ற முறை திருவிழாவுக்குப் போகும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு, இன்னொரு முறை நண்பர்கள் முன்னால் அது நடக்குமோ என்ற நினைப்பே போதும். அப்படிப்பட்ட பிள்ளையை வேனின் முன் இருக்கையில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, கிளம்புமுன் இரண்டு இட்லியோடு நிறுத்திவிடலாம். வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்று காலையில் பள்ளியில் ஒன்றும் கிடைக்காது.

பிறகு செருப்பு, ஆங்கிலம், தோழி. தோழியின் பெயர் பட்டியலில் இல்லை என்பது பல வீடுகளில் முழுக் காரணமாகவே இருக்கும். வகுப்பு முழுவதையும் அழைத்துப் போவதில்லை. ஆசிரியர் சிலரைத்தான் பொறுக்குகிறார். யாரைப் பொறுக்குவார்? மேடையில் பேசுகிற பிள்ளை, பாடுகிற பிள்ளை, ஆய்வாளர் வந்தால் எழுந்து பதில் சொல்கிற பிள்ளை. பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவார்கள் என்று எப்போதும் அதே ஐந்து பேர். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தி என்றால், அவள் பயம் இன்னும் கூடுதல்: "அங்கே நம் பள்ளி மானத்தை வாங்கிவிடாதே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்லாத தலைமையாசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. வேனில் ஏறும் பிள்ளையிடம் இதைவிட மோசமான வாக்கியம் ஒன்றைச் சொல்ல முடியாது.

இன்னொரு காரணத்தைப் பிள்ளைகள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். போகிற இடத்தில் "உனக்கு எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். நம்மூரில் அந்தக் கேள்வி முகவரி கேட்பதற்கு மட்டும் கேட்கப்படுவதில்லை. சில பிள்ளைகளுக்குத் தெரு வரைக்கும் போக வேண்டியதே இல்லை. பள்ளியின் பெயர்ப் பலகையே போதும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று பெயர் சொல்லி அறிமுகமாக வேண்டிய பிள்ளை, மைக் கைக்கு வரும்போது ஊர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சாதியின் பேரில் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளங்களை எடுத்துவிட வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. பெயர்ப் பலகை பிள்ளையின் நாக்கைக் கட்டிப்போடுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பரிந்துரையின் அவசரம் புரியும். உங்கள் மகளின் தயக்கம் இந்த வகை என்றால், "பயப்படாமல் போ" என்று தட்டிக்கொடுத்தால் தீராது. ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். தெரு, வீடு, அப்பா செய்யும் வேலை பற்றிய கேள்விகள் எந்த அறிமுக விளையாட்டிலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு பள்ளி ஆசிரியர்களின் பொறுப்பு.

சரி, இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் அனுப்பச் சொல்கிறேன்?

முன்பின் தெரியாத இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் நிறையவே ஆராய்ந்து பார்த்திருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னதுதான் இன்றும் அடிப்படை: வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது, அந்த நேரத்துக்காவது இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு வேலை வேண்டும், அதைச் சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை மனதார ஆதரிக்க வேண்டும். அதன் பிறகு நடந்த 515 ஆய்வுகளைத் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் தொகுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். சந்திப்பு பொதுவாக வெறுப்பைக் குறைக்கவே செய்கிறது. ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஆராய்ச்சி என்றால், டெல்லிக்கு வாருங்கள். அங்கே சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற வசதியான தனியார் பள்ளிகள், 2007இலிருந்து ஒரு பங்கு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டியதாயிற்று. பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் அந்தப் பள்ளிகளின் பணக்காரப் பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வெளியிட்டார். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பரிசுப் பணம் உண்டு, ஆனால் தேர்ந்தெடுத்த கூட்டாளியோடு பழகிப் பொழுதுபோக்கவும் வேண்டும். பரிசு சிறிதாக இருந்தபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டவர்கள் கணிசமானவர்கள். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் இந்தப் பாகுபாடு குறைந்திருந்தது. கொடுக்கும் குணமும் கூடியிருந்தது. எனக்கு இதில் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. சில பள்ளிகளில் பிள்ளைகளின் பெயரை எழுத்து வரிசைப்படி அடுக்கிப் படிப்புக் குழு பிரித்திருந்தார்கள். ஏழைப் பிள்ளை ஒரே வகுப்பில் எங்கோ இருப்பதைவிட, தன் குழுவிலேயே உட்கார்ந்து கூடப் படிப்பதில்தான் பலன் அதிகம் தெரிந்தது. மாற்றம் வந்தது அறிவுரையால் இல்லை; கூட உட்கார்ந்து கணக்குப் போட்டதால்.

ஒரு நாள் பயணத்தையும் வருடக்கணக்கில் ஒரே வகுப்பில் படிப்பதையும் ஒன்றாக வைக்கிறாயே என்று கேட்கலாம். ஒன்றாக வைக்கவில்லை. ஒரு நாளில் யாரும் மாறிவிடமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாள் எந்தத் திசையில் தள்ளும் என்பது, அதில் பிள்ளைகள் சேர்ந்து ஏதாவது செய்தார்களா, சும்மா வரிசையில் நின்று பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது.

மோசமாக நடக்கும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பத்து மணிக்கு வேன் போய் நிற்கும். வழிபாட்டுக் கூட்டத்தை இவர்களுக்காக வெயிலில் இன்னொரு முறை கூட்டியிருப்பார்கள். ரோஜாப்பூ, பொன்னாடை, வரவேற்புரை. அந்தப் பள்ளி வாங்கிய கேடயங்களின் வரலாறு முக்கால் மணி நேரம். வந்த பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்தில் தனி வரிசையாக, உயரத்தின்படி நிற்பார்கள். பிறகு ஆய்வகம்: "எதையும் தொடக் கூடாது." நூலகம்: கண்ணாடி அலமாரி, பூட்டு. ஸ்மார்ட் வகுப்பறை: பன்னிரண்டு நிமிடம் சூரியக் குடும்பம். மதியம் விருந்தினர் என்பதால் தனி அறையில், தங்களுக்குள்ளேயே சாப்பாடு. இரண்டரை மணிக்கு "பயணம் பற்றிக் கருத்துக் கூறுங்கள்" என்பார்கள். நம் பிள்ளை ஒருத்தி எழுந்து, "இந்தப் பள்ளியில் எல்லா வசதியும் இருக்கிறது, எங்கள் பள்ளியில் ஒன்றுமே இல்லை" என்பாள். கை தட்டுவார்கள். அதைச் சொல்வதற்கா அவளை அவ்வளவு தூரம் கூட்டிவந்தோம்? அந்த நாள் முழுவதும் அங்கேயுள்ள ஒரு பிள்ளையின் பெயரைக்கூட இவர்கள் தெரிந்துகொண்டிருக்கமாட்டார்கள்.

நல்ல நாளும் உண்டு. ஒரு முறை, நாங்கள் போன பள்ளியின் அறிவியல் ஆசிரியர் உரை எதுவும் வைக்கவில்லை. வந்தவர் ஒருவர், உள்ளூரார் ஒருவர் என்று இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கூட்டு நுண்ணோக்கியும், ஒரு வெங்காயமும், ஒரு பிளேடும் கொடுத்தார். வெங்காயத்தின் தோலை மெல்லிசாக உரித்துக் கண்ணாடித் தகட்டில் விரித்து, ஒரு சொட்டு சாயம் விட்டு செல் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியைக் கையாள நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தோலை உரிக்கத்தான் வரவில்லை. தடிமனாக வந்தது, கிழிந்தது, சுருண்டது. எங்கள் பெண்களில் ஒருத்தி வீட்டில் தினமும் வெங்காயம் அரிகிறவள். நகத்தால் ஓரத்தைக் கிள்ளி, மூச்சு விட்டால் பறக்கும் அளவுக்கு ஒரு தோலை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் அவளிடம் வந்து கேட்டார்கள். வேனில் வரும்போது வாயே திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், "இப்படி இல்லை, இங்கே பிடி" என்று அந்தப் பள்ளிப் பையன்களை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆசிரியர் ஆல்போர்ட்டைப் படித்திருக்கத் தேவையே இல்லை.

இங்கிலாந்தில் இதை இன்னும் பொறுமையாகச் செய்கிறார்கள். 2001 கோடையில் பிராட்ஃபோர்டு, ஓல்டம், பர்ன்லி ஆகிய ஊர்களில் இனக் கலவரம் வெடித்தது. பிறகு டெட் கேன்டில் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, ஆசியக் குடும்பங்களும் வெள்ளையர் குடும்பங்களும் ஒரே ஊரில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் தொடாத வாழ்க்கை வாழ்கின்றன என்றது. பள்ளிகளும் அப்படியே பிரிந்து கிடந்தன. அதையொட்டி பிராட்ஃபோர்டில் தொடங்கியதுதான் பள்ளிகளை இணைக்கும் ஏற்பாடு. அதில் வகுப்புகள் எடுத்த எடுப்பில் ஒன்றின் பள்ளிக்கு மற்றொன்று போவதில்லை. முதலில் தங்களைப் பற்றி எழுதியும் வரைந்தும் அனுப்பிக்கொள்வார்கள். பிறகு இரண்டு பள்ளிக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இடத்தில், ஓர் அருங்காட்சியகத்திலோ பூங்காவிலோ, சந்திப்பார்கள். அதற்கும் பிறகுதான் இவர்கள் பள்ளிக்கு அவர்கள், அவர்கள் பள்ளிக்கு இவர்கள். பொது இடத்தில் யாரும் வீட்டுக்காரர் இல்லை, யாரும் விருந்தாளி இல்லை. நம் திட்டத்தில் கடைசிப் படியில் தொடங்குகிறோம். கோயில் மண்டபமோ, மாவட்ட அருங்காட்சியகமோ, நூலகமோ இல்லாத ஊரா தமிழ்நாட்டில் இருக்கிறது?

ஒன்றிய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளான நவோதயா பள்ளிகள் வேறு ஒரு கோடியில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் முப்பது விழுக்காடு மாணவர்களை ஓராண்டுக்கு வேறு மொழி பேசும் பகுதியில் உள்ள நவோதயாவுக்கு அனுப்பிவிடுவது அவர்களுடைய ஏற்பாடு. தமிழ்நாட்டில் நவோதயா இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு. ஒரு நாளுக்கே அழுகிற நம் பிள்ளைகளோடு பார்த்தால் பதினான்கு வயதில் ஓராண்டு என்பது பெரிய சோதனை. என் மட்டில், விருப்பமில்லாத பிள்ளைக்கு அது வேண்டாம் என்பேன். ஒரு நாள் பயணம் அந்த வகையில் சேராது. மாலை ஐந்து மணிக்கு அம்மாவிடம் வந்துவிடலாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. வகுப்பாசிரியரைப் பாருங்கள்; முடிந்தால் மகள் இல்லாதபோது. அவளுக்கு அங்கே ஒரு வேலை கொடுங்கள் என்று கேளுங்கள். "நன்றாகப் பேசு, நன்றாக நடந்துகொள்" என்பதெல்லாம் வேலையில் சேராது. உங்கள் பள்ளிச் சத்துணவு அறைக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் இருந்தால் அதிலிருந்து விதை எடுத்துப்போய் அங்கே நட்டுவிட்டு வருவது. அந்த நூலகத்திலிருந்து நம் பள்ளிக்கு எந்தப் புத்தகங்களை வாங்கலாம் என்று பட்டியல் எடுத்து வருவது. பல்லாங்குழி தெரிந்தவளானால் நான்கு பேருக்குக் கற்றுக்கொடுப்பது. கையில் வேலை இருக்கும் பிள்ளைக்கு, மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று யோசிக்க நேரம் குறைவு. சுவரோரம் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளைக் கவனியுங்கள். ஒன்றும் கொடுக்கப்படாத கைகள்தான் துப்பட்டாவைத் திருகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் கேட்கலாம்: போவதற்கு ஒரு வாரம் முன்பு, போகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடிதம் அந்தப் பள்ளிக்கு எழுதட்டும். ஓர் அஞ்சல் அட்டை போதும். யாருக்கு என்று தெரியாமல் எழுதினாலும், அங்கே அது ஒருத்தியின் கைக்குப் போகும், வேனை விட்டு இறங்கும்போது "இதை எழுதியது யார்?" என்று தேடி ஒருத்தி வருவாள். அந்தப் பெரிய கட்டடத்தில் ஓர் ஆளைத் தெரிந்துவிட்டால் உங்கள் மகளின் வயிற்று வலியில் பாதி போய்விடும். ஆசிரியருக்கு இதனால் அதிகப்படியான வேலையும் இல்லை. தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதல் எப்படியும் வருகிறது.

தட்டும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்புங்கள். சத்துணவுக்குப் பிள்ளைகள் அவரவர் தட்டு கொண்டுபோகிற பழக்கம்தான். வெளியே போகும் நாளில் மறந்துவிடுவார்கள், அங்கே காகிதத் தட்டு தருவார்கள், சுற்றிலும் எல்லாரும் எவர்சில்வர் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அதுவே "வந்தவர்கள்" என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போல ஆகிவிடும். விருந்தினர் அறை வேண்டாம், பிள்ளைகளோடு பிள்ளைகளாக வரிசையில் உட்கார்ந்து அதே முட்டையையும் சாதத்தையும் சாப்பிடட்டும் என்று ஆசிரியரை முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். புதுச் செருப்பு வாங்கித்தர வேண்டாம். கடித்துக் கொப்புளம் வரும். பழையதைக் கழுவிக் கொடுத்தால் போதும்.

ஆங்கிலம் பற்றி அவள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சில பேர் ஆங்கிலத்தில் கேட்பார்கள், தமிழில் பதில் சொல்லலாம், யாரும் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். "நீ யாருக்கும் குறைந்தவள் இல்லை" என்ற வசனம் மட்டும் வேண்டாம். குறைந்தவள் என்று அவள் நினைக்காதிருந்தாலும் அதைக் கேட்டபின் நினைக்கத் தொடங்குவாள்.

அனுப்பவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. காய்ச்சல், மாதவிலக்கின் கடும் வலி போன்றவற்றைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பள்ளியில் அல்லது அந்த வேனில், அவளை முன்பு கேலி செய்த, தொந்தரவு கொடுத்த ஆள் ஒருவர் இருந்தால் அனுப்பாதீர்கள். அது பயணத்தைப் பற்றிய பிரச்சினையே இல்லை, அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும். போகும் பள்ளி அவள் ஏற்கெனவே படித்து, கட்டணம் கட்ட முடியாமல் விட்டுவந்த தனியார் பள்ளியாக இருந்தாலும் யோசியுங்கள். கொரோனா காலத்தில் அப்படித் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். பழைய வகுப்புத் தோழிகள் முன்னால் வேறு சீருடையில் போய் நிற்பது சிலருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், சிலருக்குத் தாங்க முடியாததாகவும் இருக்கலாம். அந்த முடிவை அவளே எடுக்கட்டும். அப்படிப் பெயரை எடுக்க வேண்டி வந்தால், தலைமையாசிரியரிடம் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். "வரமாட்டேன்" என்று அவளைச் சொல்ல வைக்காதீர்கள். அந்த இடம் தோழிக்குப் போகட்டும். போக ஆசையிருந்தும் பெயர் வராத பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது.

திரும்பி வந்த மாலையில் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்று முடித்துவிடுவாள். சாப்பிட என்ன கொடுத்தார்கள், யார் அதிகம் பேசினார்கள், எந்த டீச்சர் கோபக்காரர் என்று கேளுங்கள். "நம் பள்ளி நல்லதா, அது நல்லதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வசதியைப் பார்த்து ஏங்கிப்போய் வந்திருந்தால் அதையும் மறுக்க வேண்டாம். அந்த ஆய்வகம் நம் பள்ளியில் ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி. அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் எழுப்பலாம், தீர்மானமாகவும் எழுதச் சொல்லலாம்.

கடைசியாக, மறுபயணம். அவர்கள் உங்கள் பள்ளிக்கு வரும் நாள் நிச்சயமாகிவிட்டதா என்று இப்போதே கேளுங்கள். பல இடங்களில் சின்னப் பள்ளி பெரிய பள்ளிக்குப் போவதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது, வேன் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். அவர்கள் வந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். வருகிற நாளில் உங்கள் மகள் வரவேற்பவளாக இருப்பாள். கிணற்றடி எங்கே, வேப்பமரத்துக் குளவிக்கூடு எங்கே, எந்தப் படியில் உட்கார்ந்தால் காற்று வரும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அதற்குள் அங்கே ஒரு தோழி கிடைத்துவிட்டால், உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பள்ளி முகவரிக்கும் கடிதம் போட்டுக்கொள்ளட்டும். ஆசிரியர் கண்ணில் பட்டுப் போய்வரும். வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று கேட்டால், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நீங்கள் பேசிய பிறகு கூப்பிடுங்கள்.